செவட்டைக்கு நடுவில் ஒரு பச்சைப் பட்டன்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் காலையில் எனக்குப் போன் செய்து, வெகுநேரம் தொண்டையைக் கனைத்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

"தம்பி, திராட்சைக்கு வர்ற செவட்டைக்கும் ஆம்பளைகளுக்கு வர்ற அந்தப் பலவீனத்துக்கும் ஏதும் சம்பந்தம் இருக்கா?"

"இல்ல சார். ஏன் கேக்குறீக?"

"ஒங்க இணையப் பக்கத்துல ரெண்டும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்துச்சு. நடுவுல ஒரு குதிரை படம் வேற. மருமக பக்கத்துல நின்னுச்சு, சட்டுனு மூடிட்டேன். செவட்டையப் பத்தி முழுசாப் படிக்க முடியல."

செவட்டை என்பது திராட்சை இலையில் எண்ணெய்ப் புள்ளி போல ஆரம்பித்து, இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்து, நாலு நாள் தூறல் நீடித்தால் கொத்தோடு காயவைத்துவிடும் ஒரு பூஞ்சை நோய். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வளர்க்கும் எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைப் பற்றி அரைமணி நேரம் புலம்புவார். அந்த நோயைப் பற்றியும் மற்ற நோய்களைப் பற்றியும் தினமும் காலையில் இணையத்தில் எழுதுவது என் வேலை. பைக்கை எடுத்துக்கொண்டு பத்துப் பந்தலுக்குள் நுழைந்து இலையைத் திருப்பிப் பார்ப்பேன். மேற்கு மலையில் மேகம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்து எழுதுவேன். முதல் வருடம் என் பக்கத்தில் நாலு வரிதான் இருக்கும். மேகம் எப்படி, இலை எப்படி, இன்றைக்கு மருந்து அடிக்கலாமா வேண்டாமா, அடித்தால் எதை அடிக்கலாம். அவ்வளவுதான். படித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

அந்த நாலு வரியைப் படிக்கச் சுருளிப்பட்டியிலிருந்து சின்னமனூர் வரை ஆள் இருந்தார்கள். காசு மட்டும் வரவில்லை. பைக் பெட்ரோல் குடித்தது. பக்கத்தை வைத்திருக்கிற கம்பெனிக்கு வருடா வருடம் வாடகை கட்ட வேண்டும். என் மனைவி தையல் மிஷினை மிதித்து வீட்டை ஓட்ட, நான் ஊர்ப் பந்தலையெல்லாம் சுற்றி இலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

அப்போதுதான் அந்த விளம்பரக் கம்பெனியில் சேர்ந்தேன். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு படிவம் நிரப்பினேன், நாலு வரி கொண்ட ஏதோ ஒரு சங்கேதத்தை என் பக்கத்தில் ஒட்டினேன், மறுநாள் காலையில் என் பக்கம் திருவிழாக் கடைத்தெரு ஆகிவிட்டது. உடனடிக் கடன் ஒரு பக்கம், தொப்பை குறைக்கும் கஷாயம் ஒரு பக்கம், ஆன்லைன் சீட்டாட்டம் ஒரு பக்கம். நடுவில் எங்கேயோ ஒரு மூலையில் செவட்டை.

அதோடு விட்டார்களா? வாரம் ஒருமுறை ஆலோசனை சொல்லி எனக்குக் கடிதம் வரும். அனுப்புவது மனிதர் அல்ல, ஏதோ இயந்திரம். உங்கள் கட்டுரைகள் மிகவும் சிறியவை, நீளமாக எழுதினால் இன்னும் நாலு விளம்பரம் வைக்க இடம் கிடைக்கும் என்றது. சரி என்று நீட்டினேன். 'இன்று மருந்து அடிக்க வேண்டாம்' என்ற ஒரு வரியைச் சொல்ல, திராட்சை எந்த நாட்டிலிருந்து வந்தது, அதில் என்னென்ன சத்து இருக்கிறது, மழை என்பது எப்படி உருவாகிறது என்று எட்டுப் பத்தி எழுதினேன். மழை எப்படி உருவாகிறது என்று மழையில் நனைந்துகொண்டு பந்தலுக்குள் நிற்கிறவனுக்குச் சொன்ன ஒரே ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் நானாகத்தான் இருப்பேன். அவர்கள் கையெல்லாம் ஈரம், போனில் சிக்னல் பாதி, விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரிக்கு வருவதற்குள் மழை விட்டுப் போயிருக்கும்.

பிறகு தலைப்பு. 'இன்று தூறல் இருக்கும்' என்று தலைப்பு வைத்தால் எவனும் தொட மாட்டான் என்றது இயந்திரம். ஆகவே 'திராட்சை விவசாயிகளே உஷார்! நாளை காலை பந்தலில் நடக்கப்போவது என்ன?' என்று வைத்தேன். மறுநாள் காலை பந்தலில் ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல விடிந்தது. ஆனால் அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு ராயப்பன்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் விடிய விடியப் பந்தலுக்கடியில் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டேன். "நீங்கதான் உஷார்னீக, யானை வருமோன்னு நெனச்சேன்" என்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. யார் எதைத் தேடினார்களோ அதையே விளம்பரம் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிற்கும். எனக்குத் தெரிந்த ஒருவர், கூடப் பிறந்தவனுக்குத் தெரியாமல் தன் பங்கு நிலத்தை விற்க போனில் விலை விசாரித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து என் பக்கத்தில் சாம்பல் நோயைப் பற்றிப் படிக்கும்போது, 'உங்கள் நிலத்தை உடனே விற்க வேண்டுமா?' என்று கொட்டை எழுத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழேயும் அதே, அதற்குக் கீழேயும் அதே. தம்பிக்காரன் என்னைக் கூப்பிட்டு, "எங்க அண்ணன் எதையும் ஒங்ககிட்ட சொல்லி வச்சிருக்காரா?" என்று கேட்டான். அந்த வீட்டில் இப்போது இரண்டு அடுப்பு எரிகிறது.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே கடந்தேன். மாதக் கடைசியில் ஏதோ சில்லறை வந்துகொண்டிருந்தது. என் மனைவி ஒரு மாதம் வந்த காசில் தையல் மிஷினுக்கு மோட்டார் போட்டுக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் மரியாதை திரும்பியது.

இனிச் சொல்லப்போவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. அதைச் சொல்லுமுன் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இங்கே மருந்துக்கடை என்றால் பயிருக்கு அடிக்கும் மருந்து விற்கிற கடை. விவசாயி நோய் விழுந்த இலையைக் கிள்ளி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வருவார். கடை மேஜையில் இலையை வைப்பார். வாயைத் திறக்க மாட்டார். கடைக்காரர் இலையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அந்த இலைக்குப் பக்கத்தில் வைப்பார். அதோடு பேச்சு முடிந்தது. இலைக்குப் பக்கத்தில் எது வைக்கப்படுகிறதோ அதுதான் அந்த இலைக்கு மருந்து. அதற்கு நோய் கேட்கவில்லை என்றால் வைத்த கைதான் பதில் சொல்ல வேண்டும். காய்ந்த கொத்தைக் கொண்டுவந்து கடைக்காரர் மேஜையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எதிரில் உட்கார்ந்தே இருப்பார்கள். திட்டினால்கூடத் தாங்கலாம். அந்த உட்கார்ந்திருத்தலைத் தாங்க முடியாது.

அப்படி ஒரு கடையில் நான் பத்து வருடம் வேலை பார்த்தவன். இலை பார்க்கப் பழகியது அங்கேதான். கடைசியில் முதலாளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. சாம்பல் நோய்க்கு ஒரு டப்பா போதும் என்கிற இடத்தில் மூன்று டப்பா எடுத்து வை என்பார். எந்தக் கம்பெனிக்காரன் அவரைக் குடும்பத்தோடு வெளியூர் கூட்டிப் போகிறானோ அந்தக் கம்பெனி டப்பாவை வை என்பார். ஒருநாள் வாய் தடித்து, ஊரை ஏமாற்றிப் பிழைக்க எனக்கு இஷ்டமில்லை என்று பெரிய வசனம் பேசிவிட்டு வெளியே வந்தேன். நாலு பேர் கேட்கும்படி சத்தமாகத்தான் பேசினேன். அதன் பிறகு ஆரம்பித்ததுதான் இந்த இணையப் பக்கம்.

என் அக்காவின் வீட்டுக்காரருக்கு ஆனைமலையன்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் பந்தல். மச்சான் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார். வாய் அதிகம் பேசாத மனிதர். என் பக்கத்தை முதல் நாளிலிருந்து படித்தவர். படித்தவர் என்பதைவிட, அதன்படி நடந்தவர். நான் அடிக்க வேண்டாம் என்று எழுதிய நாளில், பக்கத்துத் தோட்டக்காரன் எல்லாம் அடித்தாலும் அவர் தெளிப்பான் பக்கம் போக மாட்டார்.

அந்த வருடம் அவர் பந்தலில் நல்ல காய்ப்பு. கொத்து கறுக்க ஆரம்பித்து, அறுப்புக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தூறல் பிடித்தது. நான் அன்று எழுதினேன். செவட்டை இறங்கியிருக்கிறது, ஆனால் பழம் நிறம் திரும்பிவிட்ட பந்தலில் அவசரப்பட்டு எதையும் அடிக்காதீர்கள், இலையை மட்டும் கிள்ளிக் காற்றோட்டம் விடுங்கள் என்றுதான் எழுதினேன். எழுதிய இடம்தான் தப்பு. கடைசிப் பத்தியில் எழுதினேன். மேலே, செவட்டை விழுந்த இலையின் படம் போட்டேன். இலைப் படத்துக்கு அடுத்த இடம் விளம்பரத்துக்கு நல்ல இடம் என்று இயந்திரம் சொல்லியிருந்தது. ஆகவே இலைக்குப் பக்கத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. ஒரு பாட்டில் படம். 'ஒரே தெளிப்பில் செவட்டை ஓடும், முழுக்க இயற்கையானது' என்று எழுத்து. கீழே பச்சை நிறத்தில் ஒரு பட்டன்.

இலைக்குப் பக்கத்தில் பாட்டில். மச்சானுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கடைசிப் பத்திவரை அவர் போகவே இல்லை. பட்டனை அமுக்கினார். நாலாம் நாள் கூரியரில் பாட்டில் வந்தது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்து, ஆள் தாமதமாக வந்ததால் உச்சி வெயில் வரை அடித்திருக்கிறார்.

மூன்றாம் நாள் இலையின் ஓரமெல்லாம் தீய்ந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். பன்னீர்ப் பழத்தின் மேல் திருநீறு பூசிய மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு இருந்தால்தான் வியாபாரி கை வைப்பான். பாட்டிலில் இருந்த ஏதோ எண்ணெய் அதை மொத்தமாகக் கழுவிவிட்டது. கொத்தெல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளவென்று, பிசுபிசுவென்று தொங்கியது. குமுளி தாண்டி வரும் கேரளத்து வியாபாரி பந்தலுக்குள் குனிந்து ஒரு கொத்தை மோந்து பார்த்துவிட்டு, "அய்யோ, இது வேண்டா சேட்டா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அடுத்து வந்தவரும் அதையே தமிழில் சொன்னார்.

மச்சான் என் வீட்டுக்கு வந்தார். கையில் பாட்டில். இன்னொரு கையில் ஒரு கொத்து. இரண்டையும் என் மேஜையில் வைத்தார். பத்து வருடம் மருந்துக்கடையில் அந்தக் காட்சியைப் பார்த்தவனுக்கு அடுத்து என்ன என்று தெரியும். அவர் எதிரில் உட்காரப் போகிறார், பேசாமல் இருக்கப் போகிறார்.

அவர் பேசினார். அதுதான் அதைவிட மோசமாக இருந்தது.

"மாப்ள, நீ சொன்ன மருந்துதான். நாந்தான் அளவத் தப்பாப் போட்டுட்டேன் போல. டேங்குக்கு எம்புட்டு மில்லி ஊத்தணும்?"

பழியை அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"மச்சான், இத நான் சொல்லல. இது விளம்பரம்."

"ஒன் பக்கத்துலதான இருந்துச்சு?"

"பக்கத்துலதான் இருந்துச்சு. ஆனா நான் போடல. அதுவா வந்து உக்காரும்."

அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "ஒன் வீட்டுக்குள்ள அதுவா வந்து உக்காருமா? நீ எங்கன இருந்த?"

நான் உளறினேன். அது அயல்நாட்டில் எங்கேயோ இருக்கிற இயந்திரம் வைப்பது, நான் பார்ப்பதற்குள் மாறிவிடும், உங்கள் போனில் தெரிவது என் போனில் தெரியாது என்றெல்லாம் விளக்கினேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பட்டனை அவர் அமுக்கினால் எனக்குக் காசு வரும் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது, வரவில்லை என்று நடித்தேன். கடையை விட்டு வெளியே வரும்போது பேசிய வசனம் எல்லாம் காதில் ஒலித்தது. முதலாளியாவது டப்பாவைத் தன் கையால் எடுத்து வைத்தார். என் கடையில் யார் எதை வைக்கிறார்கள் என்று பார்க்கக்கூட நான் கடையில் இல்லை.

அக்கா மறுநாள் போன் செய்தாள். "ஏலே, அவுக ராத்திரி முழுக்க மில்லி கணக்குப் பாத்துட்டு இருந்தாக. ஒன் பேரைச் சொல்லித் திட்டுனாக்கூட எனக்கு ஆறும். தன்னையே திட்டிக்கிட்டாகடா" என்றாள். பழத்தைக் கடைசியில் ஜூஸ் போடுகிறவர் ஒருவர் அள்ளிக்கொண்டு போனார். என்ன விலை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று அடுத்த நொடியே பதில் வந்தது. அவ்வளவு முக்கியமான கருத்தை ஒரு நொடியில் எப்படிப் படித்தார்கள் என்று வியந்தேன். அந்த விளம்பரத்தை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்கள். நிறுத்தினார்கள்தான். மறுநாள் அதே பாட்டில், வேறு பெயரில், நீல மூடி போட்டுக்கொண்டு அதே இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அன்று விளம்பரம் மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டேன். மறுபடி நாலு வரி எழுதினேன்.

நாலு வரியைப் பார்த்துத் தலைமை ஆசிரியர் போன் செய்தார். "இப்பத்தான் மருமக முன்னாடி படிக்க முடியுது" என்றார். மரியாதை திரும்பியது. பெட்ரோல் திரும்பவில்லை.

பக்கத்தை நடத்த வேறு வழி தேட ஆரம்பித்தேன். முதலில் சந்தா. மாதம் ஒரு சிறிய தொகை கட்டினால் படிக்கலாம், இல்லாவிட்டால் பூட்டு. முதல் நாளே எங்கள் ஊரிலிருந்து ஒருவர் கட்டினார். அகமகிழ்ந்து போனேன். காலை ஆறரைக்கு அவர் என் நாலு வரியைப் போட்டோ பிடித்து, பள்ளத்தாக்கில் உள்ள அத்தனை வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினார். கீழே, 'நம்ம தம்பி எழுதுறது, எல்லாரும் பாருங்க, ஆதரவு தாங்க' என்று ஒரு வரி சேர்த்திருந்தார். மனமார எனக்கு உதவுவதாக நினைத்துச் செய்த காரியம். ஒரு மாதம் கழிந்தும் சந்தாதாரர் அவர் ஒருவர்தான். அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இருக்கிற ஒரே சந்தாதாரரை எப்படி விரட்டுவது?

அடுத்து நன்கொடை. பக்கத்தின் அடியில் க்யூஆர் கட்டத்தை ஒட்டி, விருப்பப்பட்டதை அனுப்புங்கள் என்று போட்டேன். ஒரு ரூபாய், ஒரு ரூபாய், ஒரு ரூபாய் என்று வரிசையாக வந்தது. வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்தது, எல்லோருக்கும் திருப்தி, போய்விட்டார்கள். காசு அனுப்பக் கூச்சப்பட்டவர்கள் பொருளாக அனுப்பினார்கள். கூடலூரிலிருந்து அவரைக்காய் வந்தது, குச்சனூர்ப் பக்கமிருந்து ஒரு வாழைத்தார் வந்தது, பீட்ரூட் ஒரு மூட்டை யார் வைத்துவிட்டுப் போனது என்றே தெரியவில்லை. வீட்டில் பதினைந்து நாள் பீட்ரூட் பொரியல். பக்கத்துக்கு வாடகை வாங்கும் கம்பெனி பீட்ரூட் வாங்கிக்கொள்ளாது.

மூன்றாவதாக என் பழைய முதலாளியே கூப்பிட்டார். மனிதர் பழசை மறந்துவிட்டது போலப் பேசினார். "ஒனக்கு வருசத்துக்கு என்ன செலவோ நான் தர்றேன்யா. நீ பாட்டுக்கு எழுது. ஒவ்வொரு நோய்க்கும் அடியில நம்ம கடை மருந்துப் பேரு மட்டும் ஒரு வரி." நான் சிரித்தேன். அவர் மேல் முதல் தடவையாக ஒரு மதிப்புக்கூட வந்தது. இயந்திரம் கேட்காமலே செய்ததை அவர் முகத்துக்கு நேரே கேட்கிறார். வேண்டாம் என்றேன். "இன்னமும் அந்த வசனம் மறக்கலையா நீ?" என்று போனை வைத்தார்.

கடைசி வழி கோயில் திருவிழாக் கூட்டத்தில் கிடைத்தது. எங்கள் ஊரில் திருவிழாச் செலவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணம் ஆன ஆண் ஒருவன் இருந்தால் ஒரு தலைக்கட்டு, வீட்டுக்கு வீடு அதே வரி. உள்ளவன் இல்லாதவன் என்ற பேச்சு கிடையாது. வரி கட்டியவனுக்கு ஒரு உரிமையும் உண்டு. திருவிழா முடிந்து கணக்கு வாசிக்கும் நாளில் எழுந்து எதையும் கேட்கலாம். பூமாலைக்கு ஏன் இவ்வளவு, ரேடியோ செட்காரனுக்கு ஏன் மூன்று வேளைச் சோறு என்று விடியும் வரை கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இதையே ஏன் பந்தலுக்குச் செய்யக்கூடாது என்று தோன்றியது. ஒரு பந்தலுக்கு ஓர் அறுப்புக்கு ஒரு வரி. பூட்டு இல்லை, விளம்பரம் இல்லை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சமுதாயக்கூடத்தில் திராட்சைக்காரர்களைக் கூட்டினேன். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மச்சானும் வந்திருந்தார், பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பந்தலைக் கவாத்து செய்து மறுபடி துளிர் விட்டிருப்பதாக அக்கா சொல்லியிருந்தாள். அந்தப் பாட்டில் சமாச்சாரத்தை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவரைப் பார்த்ததும் நான் தயாரித்து வைத்திருந்த பேச்சில் பாதி மறந்துபோனது.

எடுத்த எடுப்பில் ஒருவர் எழுந்தார். "நாங்க வரி கட்டுவோம், தேவாரம் ஊர்க்காரன் சும்மா படிப்பானா?"

"சாமி கும்பிட வெளியூர்க்காரனும் வர்றான். அவன்கிட்ட வரியா கேக்குறோம்?" என்று தலைமை ஆசிரியர் எனக்காகப் பேசினார்.

"அப்ப வரி கட்டுறவனுக்கு ஏத்தாப்புல எழுதுவீகளா? எங்க பந்தல்ல செவட்டை இருக்குன்னு எழுதி வியாபாரிய வெரட்டிரக் கூடாது."

"இருந்தா இருக்குன்னுதான் எழுதுவேன்" என்றேன்.

"இவரு பழைய கடைக்காரர்கிட்ட காசு வாங்குறாருன்னு ஒரு பேச்சு இருக்கே?"

"தர்றேன்னாக. வாங்கல."

இன்னொருவர், விளம்பரத்தில் வந்துகொண்டிருந்த நடிகை படம் இனி வராதா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். வேலை நடந்துவிடும் போலிருந்தது. நான் கொஞ்சம் தெம்பாகி, விளம்பரத்தின் தீமைகளைப் பற்றி ஒரு சிறிய உரை நிகழ்த்த ஆரம்பித்தேன். நம்மை மோப்பம் பிடிக்கிறது, நம்மை ஏமாற்றுகிறது, அயல்நாட்டுக் கம்பெனி நம் காதில் பூச்சுற்றுகிறது என்று குரலை உயர்த்தினேன். கூட்டம் தலையாட்டியது. அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சுவரோரம் மச்சான் எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

"நானும் வரி கட்டுறேன். ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க மச்சான்."

"அந்த விளம்பரத்த நான் அமுக்குனதுக்கு ஒனக்கு ஏதும் காசு வந்துச்சா?"

கோபம் இல்லை. ரேடியோ செட்காரனுக்கு ஏன் சோறு என்று கேட்கிற அதே குரல். யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே இத்தனை நாள் யோசித்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். எந்த விளம்பரம் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். மச்சான் அவர் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவனே நான்தான். மூன்று மாதம் அவர் மில்லி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தேன்.

"வந்துச்சு மச்சான்."

முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சுவரோரம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்புட்டு?"

அது எனக்குத் தெரியும். அவர் பாட்டிலோடு வந்த அன்றே கம்பெனிக் கணக்கைத் திறந்து தேதி போட்டுத் தேடிப் பார்த்திருந்தேன். என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

"ஒரு டீ குடிக்கக் காணாது."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். பிறகு, எனக்கு மட்டும் சொல்வது போலச் சொன்னார்.

"எங்கிட்டக் கேட்டிருந்தா, அந்த டீய நானே வாங்கிக் குடுத்துருப்பனே மாப்ள."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.